இன்னும் ரெண்டு பேரு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று அம்மா சொல்வாள். அது புத்தி இல்லை, அனுபவம். கொழும்பில் ஏழு வருஷம் துணிக்கடையில் நின்றவனுக்கு, யார் வாங்க வருகிறான், யார் சுருட்ட வருகிறான் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என்னையே எங்கள் மயில்மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஏமாற்றப் பார்த்தால் சும்மா விடுவேனா?

நான் மோகனதாஸ், மேல்பிரிவு கிரிக்கெட் கழகத்தின் கப்டன். கொழும்பில் வேலை என்றாலும் மேச் என்றால் வெள்ளிக்கிழமையே ஊருக்கு வர லுணுகலை பஸ் ஏறிவிடுவேன். அந்த வாரம் வருடாந்தச் சுற்றுப்போட்டி. சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி. டெனிஸ் பந்து, ஆளுக்கு இரண்டு ஓவர், மொத்தம் பத்து ஓவர். கீழ்ப்பிரிவிடம் இரண்டு வருஷமாகக் கிண்ணத்தைப் பறிகொடுத்த எரிச்சல் வேறு.

ஆனால் இந்தத் தடவை கிண்ணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஸியாம் நானா டவுன் டீம் ஒன்றையும் நடத்துகிறார். அவருக்கு வேகமாகப் பந்து போட ஓர் ஆள் தேவை. டீமில் இடம், கடையில் நிரந்தர வேலை, இரண்டும் தருவார். நான் அஜந்தனைச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வாறேன். அவன் ரெண்டு ஓவர் போடுறத பாத்தா எனக்கு விளங்கிரும்" என்றார்.

அஜந்தன் என் லயத்துக்காரன்; எங்கள் வரிசை வீடுகளில் ஓர் அறை அவனுடையது. அவன் அம்மா செத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முப்பது வயதாகியும் நிலையான வேலை இல்லாமல், கூப்பிட்ட இடத்தில் மண் வெட்டி, விறகு பிளந்து காலம் தள்ளுகிறவன். இந்த இரண்டு ஓவர் அவனுடைய வாழ்க்கை. அதை அவனும் அறிவான், நானும் அறிவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறும்போது, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. ஒன்று அஜந்தன். மற்றது ரமேஸ். ரமேஸ் யாரென்றால் கீழ்ப்பிரிவு டீம் கப்டன்! தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையும் அவன்தான்.

"இன்னும் ரெண்டு பேருதான்டா கொறையிது. அது விழுந்துருச்சுன்னா வேல முடிஞ்சிச்சு" என்றான் ரமேஸ்.

"ஞாயித்துக்கெழம மேச் முடியட்டும்ணே. நானே அவன்கிட்ட சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அவன் காதுல போட்டுறாதீங்க."

அஜந்தனை வளைத்துப் போட்டாயிற்று, எங்கள் டீமில் இன்னும் இரண்டு பேரை வளைக்கப் போகிறார்கள்! வேறென்ன? அங்கேயே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அந்த இரண்டு பேர் யார் என்று தெரியாமல் போய்விடுமே என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் இன்னொரு சங்கதி. அப்பாவின் கவ்வாத்துக் கத்தி சுவரில் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அந்த வளைந்த கத்தி, அவர் போன பிறகு இறக்கப்பட்டதே இல்லை.

"கத்தி எங்கம்மா?"

"தீட்டக் குடுத்துருக்கு" என்றாள் அம்மா, முகத்தைப் பார்க்காமல். வெட்ட ஆளில்லாத வீட்டில் கத்தியை எதற்குத் தீட்டுவது?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அஜந்தன் வந்தான். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. "என்னடா கையில?" என்றேன். "ஒன்னுமில்ல மச்சான், கீறிருச்சு" என்று இடது கையால் தட்டைத் தூக்கினான். அம்மா அவசரமாக அவன் தட்டில் பருப்பை ஊற்றினாள். அடக் கடவுளே, இவளுக்குமா ஏதோ தெரியும்?

சனிக்கிழமை அரையிறுதி ஒரு மணிக்கு. இரண்டு ஓவர் முடிந்த பிறகுதான் அஜந்தன் ஓடி வந்தான், முழங்கால் வரை சேறு. ஓர் ஓவர் போட்டான், பதினான்கு ஓட்டம் அள்ளிக் கொடுத்தான். தோளைத் தடவிக்கொண்டே வந்து, "இன்னைக்குப் போதும் மச்சான். நாளைக்கு முழுசாப் போடுறேன்" என்றான். ஆமாம், நாளைக்குத்தானே விற்பனை!

நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அந்த இரண்டு பேரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். விக்கட் கீப்பர் தம்பையா கைக்கு வந்த பந்தை விட்டான், மனசுக்குள் அவன் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் கீழ்ப்பிரிவுக்காரனோடு சிரித்தான், இன்னொரு கோடு. அதே தம்பையாதான் கடைசியில் இரண்டு சிக்ஸர் அடித்து எங்களை ஜெயிக்க வைத்தான். அதையும் நான் நம்பவில்லை. ஃபைனலுக்கு வந்தால்தானே ஃபைனலை விற்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ஸியாம் நானா சொன்னபடியே வந்துவிட்டார். குடையை விரித்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தவர், "எங்க ஒங்கட ஆள்?" என்றார். அஜந்தனைக் காணோம். சுண்டிவிட நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், கீழ்ப்பிரிவு கப்டனையும் காணோம். பிறகு தேயிலைக்குள்ளிருந்து இரண்டு பேரும் ஒன்றாக இறங்கி வந்தார்கள். ஒன்றாக! மைதானத்து ஓரத்தில் ரமேஸ் அவன் முதுகில் தட்டி, "முடிஞ்சிருச்சுடா, போ" என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? நாங்கள் முதலில் ஆடி எழுபத்தெட்டு எடுத்தோம். பந்து போடும் முறை வந்தபோது அஜந்தனை எல்லைக்கோட்டில், தண்ணீர்த் தாங்கி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒவ்வொரு ஓவர் முடியும்போதும் அவன் கையிலிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கையைக் களிசானில் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஸியாம் நானா குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

கடைசி ஓவர். கீழ்ப்பிரிவுக்கு ஒன்பது ஓட்டம் வேண்டும். தம்பையா கிளவுஸோடு ஓடி வந்தான்.

"கப்டன், அஜந்தனுக்குக் குடுங்க. அவன விட்டா யாரு?"

ஓகோ, நீதானா அந்த இரண்டில் ஒருத்தன்? "எனக்குத் தெரியும், நீ போய் ஒன் எடத்துல நில்லு" என்று சொல்லிவிட்டு, பந்தை நானே எடுத்தேன். இந்தப் பதினொரு பேரில் நம்பக்கூடியவன் நான் ஒருவன்தானே! நாலாவது பந்து மடுவத்துக் கூரையில் விழுந்து உருண்டது. கீழ்ப்பிரிவுக்காரர்கள் பட்டாசு கொளுத்தினார்கள்.

ஸியாம் நானா எழுந்து வந்தார். "நான் வந்தது அவன் பந்து போடுறத பாக்கத்தானே. நீங்க குடுக்கவே இல்லியே. எனக்கு நாளைக்கே ஆள் தேவை தம்பி. கீழ்ப்பிரிவுல ஒரு பொடியன் நல்லாப் போட்டான், அவனப் பேசிட்டேன்." அவர் போனதைப் பார்த்துக்கொண்டே அஜந்தன் என்னிடம் வந்தான்.

"ஏன் மச்சான் ஒரு ஓவர்கூடத் தரல?"

"ஒனக்கும் ரமேசுக்கும் என்ன பேச்சுன்னு எனக்குத் தெரியும்டா. ஏன்டா, எங்க வீட்டுச் சோறத் தின்னுட்டு எனக்கேவா?"

பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அவன் துணியை மறுபடி கையில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். "இன்னும் ரெண்டு பேருன்னு ரமேஸ் சொன்னத நானே கேட்டேம்மா! தம்பையா ஒருத்தன். இன்னொருத்தன் யாருன்னுதான் தெரியல."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். அவளை நான் அவ்வளவு கோபத்தில் பார்த்ததில்லை.

"அட நாசமாப் போனவனே! ரெண்டு பேருன்னா ரெண்டு ஆளாடா? பேரு போடுறதுன்னா என்னன்னு ஒனக்கு மறந்து போச்சா?"

சட்டென்று விளங்கியது. தோட்டத்தில் ஒருநாள் வேலை செய்தால் ஒரு பேர். அரைநாள் செய்தால் அரைப்பேர். நடக்கப் பழகுமுன்னே காதில் விழுந்த சொல். அப்பா தினமும் வீட்டுக்கு வந்ததும் சொல்கிற முதல் வார்த்தையே "இன்னைக்குப் பேரு விழுந்துருச்சு" என்பதுதான். துணிக்கடையில் நின்று நின்று, பேர் என்றால் ஆள் என்று மட்டும் எனக்கு ஆகிவிட்டிருந்தது.

"நான் வேலய விட்டப்ப வீட்டுக்காக ஒங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்குனேனே, அது எதுக்குன்னு கேட்டியா? என் எடத்துல ஓம்பேரப் பதிஞ்சேன். நீ ஒருநாகூட வேலைக்கு வரல. மாசக் கடசிக்குள்ள பன்னெண்டு பேராவது விழலன்னா ஓம்பேர வெட்டிருவோம், வீட்டக் காலி பண்ணுங்கன்னு ஆபிசுல சொல்லிட்டாங்க. அந்தப் புள்ளதான் ரமேசுகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி, ஓம்பேருல கவ்வாத்து வெட்டப் போனான். கணக்குச் செடிய வெட்டிட்டா மத்தியானத்துக்குள்ளயே முழுப்பேரு. இன்னைக்குக் காலையில போனது பன்னெண்டாவது பேரு."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா கொழும்பு வேலய விட்டுட்டு வந்துருவே, மேச் முடியட்டும்னான். கை கிழிஞ்சி போயிருக்கு, நாளைக்குப் போட முடியுமாடான்னு நேத்துக் கேட்டேன். போடுவேம்மா, மோகன் எனக்காக ஆளையே கூட்டிட்டு வாறான்னான்."

எனக்கு அழுகை வந்தது. ஸியாம் நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். "அந்தப் பொடியனுக்கு வாக்குக் குடுத்திட்டேன் தம்பி" என்றார். அவர்மேல் என்ன பிழை? அஜந்தனின் அறைக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது.

திங்கட்கிழமை ஏழரை பஸ்ஸுக்குக் கட்டிய பையை அப்படியே வைத்துவிட்டு, விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை. கொழும்புக் களிசானோடு கடைசி வரிசையில் நின்றேன். ரமேஸ் கொப்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டு வந்தான்.

"மோகனதாஸ்!"

நான் வாயெடுப்பதற்குள் முன்வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"வந்துருக்கேங்க!"

அஜந்தன். மாசம் முடிந்துவிட்டது, பன்னிரண்டு பேரும் விழுந்துவிட்டது, நேற்று அவ்வளவு பேர் முன்னால் அவனை அப்படிக் கேட்டேன். அதற்குப் பிறகும் அடுத்த மாசத்துக் கணக்கைத் தொடங்க வந்திருக்கிறான். ரமேஸ் கொப்பிக்கு மேலாக என்னைப் பார்த்தான். எல்லாரும் திரும்ப, அவனும் திரும்பினான். துணி சுற்றிய கையில் அப்பாவின் கத்தி.

"இங்க என்னடா பண்றே?" என்றான். "ஏழர பஸ்ஸு போயிருமே மச்சான்."

கத்தியைக் கொடு என்று கையை நீட்டினேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்தேன், "இன்னைக்கு எம்பேர நானே போடுறேன்டா" என்றேன்.