கடிகாரத்தின் காதில் வளர்ந்த பவளம்

படகுக்காரரின் இடது காதில் பவளம் முளைத்தது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமைக்குள் அது சின்னக் காலிஃப்ளவர் அளவுக்கு வந்துவிட்டது. நிறம் மட்டும் வெளிர் ஊதா. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. தலை துவட்டும்போது துண்டு மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். துறையில் எல்லோரும் அவரைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவருடைய படகு காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு மாலை நாலரைக்குக் கரை சேரும். பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட நாலு முப்பத்தொன்று ஆனதில்லை. ஐந்து மணிக் கப்பலைப் பிடிக்க வேண்டிய பயணிகளை விடுதிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் அனுப்பினார்கள். அந்தக் காதில் ஏன் பவளம் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அதில் அறைந்தது யார் என்று துறைக்கே தெரியும்.

அறைந்தவள் முகமூடி கழுவும் பெண். துறையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. நீச்சல் முகமூடி, மூச்சுக்குழாய், காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்பு என்று கடலிலிருந்து வருவதையெல்லாம் அங்கே நல்ல தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, நிழலில் காயவைப்பது அவள் வேலை. வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். அவளுடைய தங்கை கடிகாரத்தின் படகில் வழிகாட்டி. பயணிகளோடு தண்ணீரில் இறங்கி, பவளத்திட்டின் மேலே அவர்களைக் குப்புற மிதக்கவைத்து, இது மூளைப் பவளம், அது மான்கொம்பு, அந்த ஓட்டைக்குள் இருப்பது விலாங்கு, விரலை நீட்டாதீர்கள் என்று சொல்லிக் கூட்டிப்போவாள். யாராவது பவளத்தின் மேல் காலூன்றி நின்றால் தலையைத் தூக்கிக் கத்துவாள்: "சார், அது கல்லு இல்ல, உயிரு! உங்க தலைல ஒருத்தர் ஏறி நின்னா சும்மா இருப்பீங்களா?" அக்கா நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தங்கைக்கு வாய் ஓயாது. இருவரும் அம்மாவோடு துறைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள்.

கடிகாரம் ஆட்களை எண்ணமாட்டார். ஆட்கள் அசைவார்கள், படம் எடுப்பார்கள், வாந்தி எடுக்கப் பின்பக்கம் போவார்கள். எண்ணிக்கை தப்பிப்போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் அவர் முகமூடிகளை எண்ணினார். படகின் நடுவில் ஒரு நீலத் தொட்டி. தண்ணீரிலிருந்து ஏறுகிறவர் முகமூடியைக் கழற்றி அதில் போட வேண்டும். பயணிகள் பதிமூன்று, வழிகாட்டி ஒன்று, ஆக முகமூடி பதினாலு. தொட்டியில் பதினாலு விழுந்தால் எஞ்சின் உறுமும். பதினேழு வருடம் இந்தக் கணக்கு தப்பியதில்லை. அன்றைக்கு ஒரு பயணியின் முகமூடி வார் பாதியில் அறுந்தது. அந்த அம்மாள் நீந்தி வந்து அதைத் தொட்டிக்குள் எறிந்தாள். இனிமேல் என்ன பார்ப்பது என்று அவள் முகம் வாடியதைப் பார்த்துத் தங்கை தன் முகமூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பிறகு யாரோ நழுவவிட்ட துடுப்பைத் தேடி, வெறுங்கண்ணோடு, திட்டின் மறுபக்கம் போனாள். நாலு மணிக்குப் பயணிகள் பதிமூன்று பேரும் ஏறினார்கள். பதிமூன்று முகமூடிகள் தொட்டியில் விழுந்தன. அறுந்தது ஏற்கெனவே அதில் கிடந்தது. பதினாலு. படகு கிளம்பியது. வழிகாட்டிப் பெண் முன்பக்கம் இருப்பாள் என்று பின்பக்கம் உட்கார்ந்தவர்கள் நினைத்தார்கள். பின்பக்கம் இருப்பாள் என்று முன்பக்கத்தார் நினைத்தார்கள். சரியாக நாலரைக்குக் கரை சேர்ந்தது.

கொட்டகைக்கு வந்த முகமூடிகளில் ஒன்றின் ஓரத்தில் தங்கை அடையாளத்துக்கு வைத்த சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி இருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தபோது அந்தப் பயணி அம்மாள் வந்து நின்றாள். "இது அந்தப் பொண்ணோடது. எனக்குக் குடுத்துட்டு அது சும்மாவே நீந்திச்சு. ஒரு நன்றி சொல்லணும், எங்க இருக்கா?" அக்கா முகமூடியோடு கடிகாரத்தின் படகுக்கு ஓடினாள். கடிகாரம் மறுபடி எஞ்சினைப் போட்டுத் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. நீரோட்டம் திரும்பியிருந்தது, கடல் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அவர் திரும்பி வந்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பெண் வேறு ஒரு பாய்மரப் படகில் ஏறிப் போய்விட்டாள், அதில் ஒரு வாலிபன் இருந்தான், கையசைத்துவிட்டுத்தான் போனாள், ரொம்ப நாளாகவே பேச்சு நடந்திருக்கிறது என்று சொன்னார். பதினேழு வருடம் பொய்க்காத மனிதர் என்று எழுதிக்கொண்டார்கள். பயணி அம்மாள் ஐந்து மணிக் கப்பலில் எப்போதோ போயிருந்தாள்.

இதில் மோசமான பகுதி, அம்மா அதை நம்பியதுதான். போன வாரம்தான் சின்னவள் ஏதோ சண்டையில் "ஒரு நாள் இந்த வீட்ட விட்டு ஓடிடுவேன் பாரு" என்று கத்தியிருந்தாள். அம்மா அவளுடைய துணிகளைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சொந்தக்காரர்கள் துக்கம் கேட்க வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாள். "செத்தவளுக்கு அழலாம். ஓடுகாலிக்கு எதுக்கு அழணும்?" என்றாள். முகமூடியைக் காட்டி அக்கா சொன்னதெல்லாம் சுவரில் எறிந்த பந்தாகத் திரும்பி வந்தது. "உன் தங்கச்சிய நீ விட்டுக்குடுக்க மாட்ட. தெரியும். போ."

அக்கா ஒன்பது நாள் வேறு வேறு படகுகளில் திட்டுக்குப் போய் மூழ்கித் தேடினாள். ஒரு துடுப்பு கிடைத்தது. ஒன்பதாவது நாள் மான்கொம்புப் பவளத்தில் உள்ளங்கை கிழிந்தது. சொட்டச் சொட்ட நனைந்த உடம்போடு, ரத்தம் வழியும் கையோடு நேரே கடிகாரத்தின் முன்னால் போய் நின்றாள். "எண்ணினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஏம்மா, ஓடிப்போனவளுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அவர். அறைந்தாள். அவளுடைய கைக்காயம் மூன்றே நாளில் ஆறிவிட்டது.

தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார். பவளம் களிம்பைக் குடித்துவிட்டு வளர்ந்தது. பல் மருத்துவரிடம்தான் அதற்கேற்ற கருவி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவர் இரண்டு மணி நேரம் குடைந்து சுத்தமாக எடுத்தார்; மறுநாள் காலையில் கழுத்துவரை இறங்கியிருந்தது. குளிக்கிற வாளியில் விரல் நகம் அளவு நீல மீன்கள் தென்பட்டன. காதுக்குள் ஒரு நண்டு குடியேறி, அவர் தூங்கும்போது வெளியே வந்து உலாவிவிட்டுப் போனது. துறையில் கேலி தொடங்கியது. "என்ன கடிகாரம், முள்ளு நகர மாட்டேங்குதா?" அவர் படகை விற்றுவிட்டு, மனைவியோடு, பேருந்தில் எட்டு மணி நேரத் தொலைவில் உள்நாட்டில் இருந்த மச்சான் வீட்டு மாடிக்குக் குடிபோனார். அங்கே காற்று காய்ந்த காற்று. இரண்டு வாரத்தில் பவளம் வெளுத்தது; மூன்றாவது வாரம் பழைய சுண்ணாம்பு மாதிரித் தலையணையில் உதிர்ந்தது. அவர் கண்ணாடியில் காதைப் பார்த்துச் சிரித்தார்.

அதே வாரம் அந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் கேன் போட ஒரு புதுப் பெண் வந்தாள். தொப்பியை இறக்கிவிட்டிருந்தாள், பேசமாட்டாள், இருபது லிட்டர்க் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுவாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர்தான். கடிகாரத்தின் குளியல் தொட்டிக்கு மட்டும் மீன் லாரியில் தினமும் கடல் தண்ணீர் வந்தது. லாரிக்காரர் கேட்டதற்கு "ஒருத்தருக்கு வைத்தியம்" என்றாள். முதல் நாளே கடிகாரத்தின் மனைவி வாய் கொப்புளித்துப் பார்த்து உப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். கேன் கொண்டுவந்தவளின் முகத்தையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, கணவருக்கு வெந்நீர் விளாவும்போது இன்னும் ஒரு குவளை கூடவே ஊற்றினாள். நாற்பது நாளில் பவளம் தோள், முதுகு, தொடை என்று இறங்கி முழங்கால்களைப் பூட்டியது. படி இறங்க முடியவில்லை. வெயில் பட்டால் தோல் முழுக்க எரிந்தது. "கடலுக்குக் கொண்டுபோங்க" என்று அவர் முனகியபோதுதான் மனைவி பேசினாள். "செஞ்சத சொல்லித் தொலைங்க. உங்களோட சேர்ந்து நானும் ஊறுகாயா ஆக முடியாது."

மீன் லாரியிலேயே ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவரைக் கொண்டுவந்து, துறையின் கடைசிப் படியில், மார்பளவு தண்ணீரில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்தது, அத்தனை சுகம். அக்கா ஒரு சிற்றுளியும் சுத்தியும் கொண்டுவந்து படியில் வைத்தாள். அம்மா முன்னால் உண்மையைச் சொன்னால் ஒரு துண்டு விடாமல் உடைத்து எடுத்து விடுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்கை மீறுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. அம்மாவைக் கூட்டிவருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. படகுக்காரர்கள், விடுதிக்காரர்கள், துறை அலுவலர், அன்றைக்கு வந்திறங்கிய பயணிகள் என்று ஒரே கூட்டம். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தொடும் படிவரை இறங்கினாள். "என்னமோ சொல்லணுமாமே?" என்றாள்.

அவர் சொன்னார். "நான் ஆள எண்ணல. முகமூடியத்தான் எண்ணினேன். உங்க பொண்ணு ஓடிப்போகல. நான்தான் கடல்ல விட்டுட்டு வந்தேன்."

அம்மா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கையசைச்சான்னு சொன்னியே?"

"அது பொய்ம்மா. நான் திரும்பியே பாக்கல."

அக்கா உளியை எடுத்தாள். அம்மா கையை நீட்டி அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஓரத்தை விரலால் தடவிக் கூர் பார்த்தாள். "இன்னொரு தரம் சொல்லு தம்பி" என்றாள். அவர் சொன்னார். "இன்னொரு தரம்." வெயில் இறங்கும்வரை சொல்லவைத்தாள். "அம்மா, நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீ குடுத்த. நான் குடுத்தேனா? பெத்தவ வாயால அவள ஓடுகாலின்னு சொல்ல வச்சவன்டி இவன்." அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து அவிழ்த்தாள். மூன்று நாள் அவள் அழுதது துறைவரை கேட்டது. நாலாவது நாள் காலை எட்டரைக்கு உளியோடு படியில் இறங்கினாள். அதற்குள் பவளம் அவருடைய தாடையைத் தாண்டியிருந்தது. உதட்டைச் சுற்றி வளர்ந்ததை மட்டும், ஒரு கீறல் விழாமல், பொறுமையாகச் செதுக்கி எடுத்தாள். மற்றதை அப்படியே விட்டாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஆகிறது. துறை அலுவலகம் வரைபடத்தில் அவரைச் சிறு திட்டு என்று குறித்து, படகுகள் மோதாமலிருக்கப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கம்பம் நட்டிருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கிளிமீன்கள் மேய்கின்றன. நீச்சல் தெரியாத பயணிகளை முதலில் அவரிடம்தான் பழக்குகிறார்கள். கிளம்புகிற படகெல்லாம் அவர் முன்னால் எஞ்சினைத் தணித்து நிற்க வேண்டும். அன்றைக்கு நடந்ததை அவர் சொல்லி முடித்த பிறகுதான் போகலாம். வழக்கமாக வருகிறவர்கள் அதற்குள் முகத்துக்கு வெயில் களிம்பு பூசி முடித்துவிடுகிறார்கள். மனைவி மாதம் ஒருமுறை வந்து முடி வெட்டிவிட்டுப் போகிறாள். அக்கா இப்போது சொந்தமாகப் படகு ஓட்டுகிறாள். அவரைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொள்வாள். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஆனாலும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். மழை நாளில் குடை கொண்டுவருகிறாள், தனக்கு மட்டும்.

போன மாதம் உதட்டோரம் செதுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டாராம்: "அம்மா, இன்னும் போதலையா?"

அம்மா உளியைத் தண்ணீரில் அலசினாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "இருபத்தொண்ணுல போனா. இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு புள்ள பெத்து, அதுங்களையும் வாயாடிகளா வளர்த்திருப்பா. அவ பேசாத பேச்சு இன்னும் எவ்வளவோ இருக்கு தம்பி. நீ பேசு."

ஒன்பது மணிப் படகு கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து எஞ்சினைத் தணித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.