மனிசன் நீங்கலாக

சீனிமுகம்மதின் விலை எழுபத்தையாயிரம் ரூபாய். அந்த விலையைச் சொன்னவரும் அவரேதான். சொல்லும்போது தன்னைத்தான் விற்கிறோம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்.

கல்முனைக் கடைத்தெருவில் ஆண்கள் உடுக்கும் சாரனும் பெண்களுக்குச் சட்டைத்துணியும் திரைச்சீலையும் விற்கும் கடை அவருடையது. அன்று காலை கதவைத் திறந்து, சாம்பிராணி போட்டு, மனைவி முனவ்வறா கொடுத்துவிட்ட படத்தைத் துணிக்கட்டின் மேல் வைத்தார். எதிர்க்கடை ஸஹீதிடம் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும். "நம்மட வீட்டு ஹோலுக்குத்தான். ஆருக்கும் காட்டித் திரியாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஸஹீத் இன்னும் கடை திறக்கவில்லை.

முனவ்வறாவுக்கு இந்தக் கிறுக்குப் பிடித்து இரண்டு வருடம். மகள் ஸஹ்றா படிக்கப் பேராதனைக்குப் போனபோது பள்ளிக்கூடக் காலத்து நீர்வர்ணப் பெட்டியை அலுமாரியில் விட்டுவிட்டுப் போனாள். சும்மா கிடக்கிறதே என்று தொடங்கியதுதான். ஈரம் காயுமுன் தாளில் கறியுப்பைத் தூவினாள். உப்பு சாயத்தைக் குடித்த இடமெல்லாம் அலை உடைந்த மாதிரி நுரை பூத்தது. பொலித்தீனைக் கசக்கி ஈரத்தின் மேல் படியவைத்து, காய்ந்தபின் உரித்தாள். கோடையில் வெடித்த வயல் வந்தது. மெழுகுதிரியால் கோடு இழுத்து மேலே நீலம் தடவினால், மெழுகு பட்ட இடம் மட்டும் நனையாமல் தோணிக்கயிறாகத் தெரிந்தது. அதோடு நிற்கவில்லை, ஒட்டு வேலைக்குப் போனாள். தேயிலைப் பை, பழைய பில் புத்தகம், கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டு எல்லாம் படத்துக்குள் ஏறின. முதல் படத்தைச் சோற்றுக்கஞ்சியால் ஒட்டினாள். எறும்பு வந்து ஒரே வாரத்தில் வானத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளைப் பசைதான், ஒட்டினால் ஒட்டினதுதான். ஒவ்வொரு படத்தையும் அவள் நீட்டும்போது சீனிமுகம்மது "வடிவாத்தான் இரிக்கு" என்பார், தடித்த பெண்களுக்கு மெல்லிய கோட்டுத் துணியைக் காட்டும் அதே குரலில். கண் போனில் இருக்கும்.

ஆட்களை வைத்தாலும் முனவ்வறா முகம் வைக்கமாட்டாள். உயிருள்ளதைப் படமாகக் கீறினால் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்பது சின்ன வயதில் ஓதப் போன இடத்துப் பயம். "நான் எங்க கீறின? துண்டுதானே ஒட்டின. முகமும் இல்ல. முதுகுக்கு ஆரு உசிர் கேக்கப் போற?" என்று சட்டம் பேசுவாள். வியாபாரியோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவள்.

முதல் ஆளாகக் கடைக்குள் வந்தவர் தர்சிகா டொக்டர். கல்லடியில் புதுவீடு கட்டி முடித்திருந்தார். திரைச்சீலைக்கு நீலத்தில் பதினெட்டு மீற்றர் வெட்டச் சொன்னார். "சாயம் போகாதா, முதலாளி?" என்று கேட்டார்.

"நம்மட கடைத் துணியில சாயம் போனா நான் கடையப் பூட்டிட்டுக் கடலுக்குப் போறன், டொக்டர்."

டொக்டர் சிரித்தார், விலை கேட்கவில்லை. அந்த இடத்திலேயே சீனிமுகம்மது உஷாராகியிருக்க வேண்டும். அப்போதுதான் டொக்டரின் கண் துணிக்கட்டின் மேல் இருந்த படத்தில் விழுந்தது. நெடுநேரம் பார்த்தார். "இது எவ்வளவு?"

சீனிமுகம்மதின் வாப்பா கடையை அவர் கையில் கொடுத்தபோது சொன்னது ஒரே ஒரு விதி. முதல் வியாபாரம் முடியுமுன் வந்தவரிடம் 'இல்லை', 'விற்கிறதில்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. விற்க மனமில்லாவிட்டால், கேட்டவர் எழுந்து ஓடுகிற மாதிரி ஒரு விலையைச் சொல்ல வேண்டும். முப்பது வருடத்தில் ஓடாதவர் இல்லை.

"எழுபத்தையாயிரம்" என்றார்.

"சரி" என்றார் டொக்டர். "கார்ட் எடுப்பீங்களா?"

தலையைத் தடவிக்கொண்டு, சுற்றித் தருகிறேன் என்று சீனிமுகம்மது படத்தைக் கையில் எடுத்தார். முதல் தடவையாக அதைப் பார்த்தார். கடல். உப்பு பூத்த நுரை. மெழுகுக் கயிற்றில் இரண்டு தோணி. கரையில் ஒரு மனிசன் முதுகைக் காட்டி நிற்கிறான். ஊதாக் கட்டம் போட்ட மருதமுனைச் சாரன். அதன் ஓரத்தில் அயன் பெட்டி சுட்ட வடு. பதினோரு வருடத்துக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் காலையில், உடுக்குமுன்பே சுட்டுக்கொண்ட சாரன் அது. ஒருநாளும் தண்ணீர் காணாதது. உடுக்கவும் முடியாமல் எறியவும் மனம் வராமல் அலுமாரியில் கிடந்து, போன மாதம் காணாமல் போனது. அதற்காக வீட்டில் மூன்று நாள் சத்தம் போட்டிருந்தார். மனிசனின் சேர்ட், கடையின் பில் கடதாசி. தோளில் அவருடைய சொந்தக் கையெழுத்து: *மிகுதி பிறகு*. கடனுக்கு வாங்குபவர்களின் பில்லில் அவர் எழுதுவது. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிற்பு. அவருக்கு இடதுகால் அரை அங்குலம் குட்டை. அது முனவ்வறாவுக்கும் கால்சட்டை தைப்பவருக்கும் மட்டும்தான் தெரியும்.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

"முனவ்வறா, அந்தப் படம் வித்துப் போச்சிகா."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் நின்றது. "வித்த நீங்களா, ஒங்கட வாயா?"

"வாய்தான்."

"வாயால வித்தத வாயாலயே திருப்பிக் கேளுங்க."

"சொன்ன சொல்ல எப்பிடி மாத்திற? எனக்கும் அது போறதுக்கு விருப்பமில்ல. நான் இப்பதான் அதப் பாத்தன்."

"இப்பதான் பாத்த" என்றாள் அவள். கேள்வியா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. "இரிங்க, வாறன்."

முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினாள். கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தலும் பட்டர் கத்தியும். டொக்டருக்கு ஸலாம் மாதிரி ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு, புருஷனைப் பார்க்காமலே கேட்டாள்.

"இதுல ஒங்களுக்கு எது புடிச்ச, டொக்டர்?"

"அந்தக் கடல், அக்கா. வெள்ளை பூத்த இடம். எப்பிடிச் செய்தீங்க?"

"கறியுப்பு. இந்த மனிசன்?"

டொக்டர் தலையைச் சரித்துப் பார்த்தார். "அவர் நிண்டாலும் ஒண்டுதான், நிக்காட்டியும் ஒண்டுதான்."

சீனிமுகம்மது தொண்டையைச் செருமினார். ஒருவரும் திரும்பவில்லை.

"அப்ப இவர நான் எடுத்துக்கிறன்" என்றாள் முனவ்வறா. படத்தை மேசையில் படுக்கவைத்து மனிசன் மேல் மட்டும் மெல்லத் தெளித்தாள்.

"ஒட்டின பசை விடாதுகா" என்றார் அவர்.

"மத்ததெல்லாம் வெள்ளைப் பசை. ஒங்கள மட்டும் கஞ்சியால ஒட்டின."

"எறும்பு திங்கட்டும் எண்டா?"

"எங்க நிப்பாட்டினாலும் சரியா வரல்ல. கழட்டி மாத்தலாம் எண்டு விட்டன்." பட்டர் கத்தியை அவர் காலடியில் நுழைத்தாள்.

"ஏனக்கா முதுகு?" என்றார் டொக்டர்.

"அதத்தானே நான் கூடுதலாக் கண்டிரிக்கன், டொக்டர். காலையில இவர் கடைக்குப் போக்குள்ள."

சாரன் ஓரம் கிளம்பியது, பிறகு இடுப்பு, பிறகு தோள். மனிசன் முழுதாக அவள் உள்ளங்கையில் வந்து படுத்தான். அவன் நின்ற இடத்தைப் பார்த்து மூவரும் குனிந்தார்கள். சாரனின் ஊதா இளகி, ஈர மணலில் நீளமாக இறங்கியிருந்தது. ஆள் இல்லை. படத்துக்கு வெளியே எவரோ நிற்பது போல, அவருடைய நிழல் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்துக் கிடந்தது.

டொக்டர்தான் முதலில் வாய் திறந்தார். "சாயம் போனா கடலுக்குப் போறன் எண்டீங்க, முதலாளி."

"எந்தக் கடலுக்குப் போறீங்க?" என்றாள் முனவ்வறா. முகத்தைத் திருப்பித்தான் சிரித்தாள், ஆனால் தோள் குலுங்கியது.

சீனிமுகம்மது பதினெட்டு மீற்றர் திரைச்சீலையைப் பார்த்தார். "நீலம் போகாது. ஊதாவுக்கு நான் பொறுப்புச் சொல்லல்ல."

டொக்டர் படத்தை விடமாட்டேன் என்றார். முன்னதைவிட இதுதான் தனக்கு வேண்டும் என்றார். முனவ்வறா ஒரு சைபரைக் குறைக்கச் சொன்னாள். அது காணாது, குறைவு என்று டொக்டர் கூட்டினார். வாங்குபவர் விலையை ஏற்றவும் விற்பவள் இறக்கவும் நின்று மல்லுக்கட்டுவதை முப்பது வருட வியாபாரத்தில் சீனிமுகம்மது அன்றுதான் கண்டார். பத்தாயிரத்தில் இருவரும் சமாதானமானார்கள். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

டொக்டரின் கார் போனது. முனவ்வறா பட்டர் கத்தியைச் சாரன் துண்டொன்றில் துடைத்தாள். "அந்த ஆள நசிச்சிப்போடாம வீட்ட கொண்டு வாங்க. வேற கடல் ஒண்டு கீறித்தான் இரிக்கு."

"அதுல நான் எந்தப் பக்கம் பாக்கிற?"

அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். "நேரத்தோட வந்தா யோசிப்பம்" என்றுவிட்டு வண்டியில் ஏறினாள். இந்தத் தடவை முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்.

ஈர மனிசனைக் காயவைக்கத் தட்டையான இடம் தேடினார். பில் புத்தகம்தான் இருந்தது. டொக்டருக்குக் கிழித்துக் கொடுத்த பில்லின் காபன் பிரதி திறந்தபடி கிடந்தது, அவர் கையெழுத்தில்:

திரைச்சீலை, மீற்றர் 18
கடல் 1
வானம் 1
தோணி 2
நிழல் 1
மனிசன் நீங்கலாக

அதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அவனை அங்கே படுக்கவைத்தார். ஊதா மெல்லத் தாளில் ஊறத் தொடங்கியது. அவன் தோளில் அவருடைய பழைய எழுத்து ஈரத்தில் கொஞ்சம் தடித்து, இன்னும் வாசிக்கக் கூடியதாகவே இருந்தது: மிகுதி பிறகு.