மரம்வெட்டி வீடு திரும்பிய பக்கம்

கல்வராயன் மலையில் சாமை அறுப்பு முடிந்த வாரம், வளர்மதி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து ஈரமான மரச்சிராய் உதிரத் தொடங்கியது. முதலில் ஒரு கைப்பிடி, பிறகு தினம் அரை முறம். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட புத்தகம் அது. இங்கிலீஷ்காரர்களின் பழைய கதைகள், தமிழில். பத்தாவது வரை படித்த வளர்மதி, அந்தக் கதைகளின் காடுகளில் பாரஸ்ட் கார்டு என்று ஒருவரும் இல்லாததைக் கவனித்திருந்தாள். கோடரியோடு போகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்பது குள்ளனோ கிழவியோதான். மாமியார் வெள்ளச்சியால் இதை நம்ப முடியவில்லை.

"வெட்டிக்கினு போறவன யாரும் புடிக்கலியா?"

"இல்லத்தே. ராஜா கூப்ட்டு பொண்ணு குடுக்கறாரு."

"நம்மாளுதான் தப்பான காட்டுக்குப் போயிட்டான்," என்றாள் வெள்ளச்சி.

நம்மாள் என்றது மகன் முருகனை. இரண்டு வருடத்துக்கு முன் கட்டட வேலை என்று சொல்லி வேனில் ஏற்றிப்போன ஏழு பேரில் அவன் ஒருவன். இறக்கிவிட்டது எல்லைக்கு அப்பால், செம்மரக் காட்டில். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம் என்று திரும்பிவந்த ஆறு பேரும் சொன்னார்கள். ஜெயில் பட்டியலில் முருகன் இல்லை, பிணவறைப் பட்டியலிலும் இல்லை. அடிவார ஸ்டேஷனில் கொடுத்த 'ஆளைக் காணவில்லை' புகார் ஒன்றுதான் அவன் இருந்ததற்கு ஆதாரம்.

உதிர்ந்த சிராய் சிவப்பு. மரம்வெட்டியின் கதையில், அவன் கோடரியை ஓங்கும் பக்கத்தில் ஈரமாக விழும். முடிவை நெருங்க நெருங்கக் காய்ந்துபோகும். ஈரமாக விழுகிறவரை வெட்டுகிற கை உயிரோடு இருக்கிறது என்று இரண்டு பெண்களும் முடிவு செய்தார்கள். அதன்பின் வளர்மதி ஒருநாளும் கதையை முடிக்கவில்லை. ஓங்கிய கோடரியோடு புத்தகத்தை மூடிவைத்தாள்.

ஐப்பசி மழையில், சேர்த்துவைத்த சிராய் மூட்டை நனைந்து வாசலில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு வனக்காவலர் செழியன் வந்தார். வீட்டில் கோடரி இல்லை. புத்தகத்திலிருந்து விழுகிறது என்றார்கள், படிக்கச் சொல்லிப் பார்த்தார், விழுந்தது. எடை போட்டுக் குறித்துக்கொண்டு, பெண்களையும் புத்தகத்தையும் ஆபீசுக்கு அழைத்துப்போனார். அங்கே அதிகாரியின் மேஜைமேலும் விழுந்தது. அவர் மரம் நின்ற சர்வே நம்பரைக் கேட்டார். வளர்மதி கோடரி ஓங்கும் இடத்தில் நிறுத்தியபோது, வாக்குமூலம் பாதியில் நிற்கக்கூடாது என்றார்.

"வேணாங்க சார். முடிச்சிட்டா அவரு..."

"முடிக்கலன்னா ரெண்டு பேரையும் உள்ள வெக்கணும்மா. கதைதான, படிங்க."

படித்தாள். சிராய் காய்ந்தது, தூளானது, கடைசி வரியில் ஒன்றும் விழவில்லை. அவள் படித்ததை எல்லாம் வாக்குமூலமாக எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். புத்தகம் பறிமுதல் அறைக்குப் போனது.

எட்டு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தது. வனத்துறை அலுவலகத்தில் மனைவி கையொப்பமிட்ட வாக்குமூலத்தின்படி, மரம் வெட்டச் சென்றவர் வீடு திரும்பி மனைவியுடன் நெடுங்காலம் சுகமாக வாழ்ந்ததாகத் தெரியவருவதால், காணவில்லை புகார் முடித்துவைக்கப்படுகிறது. வளர்மதி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். கடிதத்திலிருந்து ஒன்றும் உதிரவில்லை.

வெள்ளச்சி முறத்தைச் சுவரில் மாட்டினாள். "வூட்ல இருக்கான்னு கவர்மெண்டே சொல்லுது. களிய கொஞ்சம் ஜாஸ்தியா கிண்டு."

வளர்மதி உலையில் இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். இந்த வருடம் கணக்கெடுக்க வந்தவர் அந்த வீட்டுக்கு மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு போனார்.