சட்டி பீட்சாவும் பதினோராம் மாடியும்

பெர்க் எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றலாகி வந்த அன்று, துணிப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே இரண்டு கறுத்த இரும்புச் சட்டிகளை எடுத்து லென்னியின் அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டானா என்றால் இல்லை. வடக்குப் பக்கத்து ஆட்களே அப்படித்தான். சிகாகோ என்றால் அது அவர்கள் தெருவோடு முடிந்துவிட்டது என்று நினைப்பு.

நான் தெற்குப் பக்கத்தில் பிறந்தவள். பெயர் டெரேசா பனாசியக், நிலையத்தில் டெர்ரி. ஆகவே இந்தக் கதையில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

லென்னி கெட்விலஸ்தான் பதினெட்டு வருடமாக எங்களுக்குச் சமைக்கிறவர். அவரும் தீயணைப்பு வீரர்தான், எங்களோடு சேர்ந்து புகைக்குள் போகிறவர்தான். ஆனால் ஒரு நாள் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே அடைந்து கிடக்கிற ஐந்து பேருக்கு யார் சோறு போடுகிறாரோ அவர்தான் அங்கே பெரிய ஆள். கேப்டனெல்லாம் அதற்கு அப்புறம்தான். மனைவி பிரிந்து போன பிறகு லென்னி வீட்டில் ஒரு பேச்சுத் துணைகூடக் கிடையாது. இங்கே வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டால்தான் மனுஷன் நிமிர்ந்து நிற்பார். அந்த அடுப்பைப் பிடுங்கிவிட்டால் அவருக்கு வேறு ஒன்றுமே இல்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்தவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் லென்னியின் மெல்லிசு பீட்சா. மாவை முதல் நாளே காகிதம் மாதிரி தேய்த்து, ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்து உலர்த்திவிடுவார். மேலே சோம்பு போட்ட பன்றி இறைச்சியைக் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, எண்ணெயில் ஊறிய மிளகாயைத் தூவி, அடுப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் மொறுமொறுவென்று வந்து நிற்கும். சதுரம் சதுரமாக வெட்டுவார். ஓரத்தில் விழுகிற குட்டி முக்கோணங்களுக்காக நானும், வண்டி ஓட்டுகிற கீஃபும் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டுக்கொள்வோம். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், ஒரு காகிதக் கைக்குட்டை போதும்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெர்க் ஒரு சதுரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"அண்ணே, இது வழியா பார்த்தா அந்தப் பக்கம் பஸ் போறது தெரியுது."

லென்னி வெட்டுகிற கத்தியை நிறுத்தவில்லை. "உங்க பக்கம் பீட்சாவ கரண்டியால மொண்டு குடிப்பீங்களாமே, நெஜமா?"

"முள்கரண்டியால சாப்பிடுவோம்ணே. சாப்பாடுன்னா அதுல ஏதாவது இருக்கணுமில்ல."

"இருக்குமே. சீஸ் அடியில, தக்காளி மேல. மேல இருக்க வேண்டியது கீழ, கீழ இருக்க வேண்டியது மேல. அத செய்யறீங்களா, இல்ல கை தவறிக் கீழ போட்டுட்டு அள்ளறீங்களா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. காப்பி குடிக்கும்போது சண்டை, குழாய் சுருட்டும்போது சண்டை, வண்டி கழுவும்போது சண்டை. ஒருவன் 'பிஸ்கெட்' என்பான், மற்றவர் 'தக்காளிக் கிணறு' என்பார். கேப்டன் டில்லார்ட் பொறுமைசாலி. எரிகிற கட்டடத்துக்கு முன்னால்கூடக் குரலை உயர்த்தாதவர். அவரே ஒரு நாள் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்யா. வர்ற ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் செய்ங்க. நான், டெர்ரி, கீஃப் மூணு பேரும் ஓட்டுப் போடறோம். ஜெயிச்சவருக்கு ஞாயித்துக்கெழமை. அதோட வாய மூடணும்."

அதோடு விட்டிருக்கலாம். லென்னிக்குத்தான் கோபம் வந்தால் நாக்கு ஒரு இடத்தில் நிற்காதே.

"ஞாயித்துக்கெழமை என்ன ஞாயித்துக்கெழமை. தோத்தா நான் அடுப்பையே விட்டுடறேன். வாரம் பூரா அவனே ஆக்கிப் போடட்டும்."

"லென்னிண்ணே, வேணாம்," என்றேன்.

"நீ சும்மா இரும்மா."

பெர்க்கின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவன் சிரித்ததற்காக அன்றைக்கு அவன் காப்பியில் நான் உப்புப் போட்டேன். தப்புத்தான், ஆனால் மனசு ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே குளிர் எலும்பைத் தின்றது. ஏரியிலிருந்து வந்த காற்றில் கதவே ஒரு பக்கமாக உறைந்திருந்தது. பெர்க் காலையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டிக்குள் வெண்ணெய் தடவி, மாவைச் சுவர் ஏற்றுகிற மாதிரி ஓரம் முழுக்க ஏற்றினான். அடியில் ஒரு படுகை சீஸ், அதன்மேல் அடை மாதிரி இறைச்சி, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி. அடுப்பின் ஒரு அறையில் வைத்துவிட்டு, அது வேக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்தான். லென்னி அவசரப்படவில்லை. எங்கள் பசி உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்து மெல்லிசைப் பக்கத்து அறையில் தள்ளினார். நல்ல கணக்கு. பசித்தவன் முன்னால் முதலில் வருவது எதுவோ அதுதானே ஜெயிக்கும்.

மெல்லிசு வந்தது. லென்னி பலகையில் வைத்துச் சதுரம் வெட்டினார். சோம்பு வாசனையில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கீஃப் மூலைத் துண்டுக்குக் கையை நீட்டினான். மணி அடித்தது.

கீஃப் அடுப்பை அணைத்தான். எங்கள் ஊரிலேயே ஒரு நிலையத்தார் அடுப்பை அணைக்காமல் ஓடிப்போய், தங்கள் சமையலறைத் தீயை அணைக்கப் பக்கத்து நிலையத்தைக் கூப்பிட்ட கதை உண்டு. அந்த மானக்கேடு எங்களுக்கு வேண்டாம். மெல்லிசு பலகையில் கிடந்தது. சட்டி அடுப்புக்குள்ளேயே இருந்தது.

ஒரு கார் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டுக் கைவிரல் விறைத்துத் திரும்பி வந்தபோது மதியம் போயே போய்விட்டது. லென்னி நேராகப் பலகைக்குப் போனார். ஒரு சதுரத்தை எடுத்து மேசையில் தட்டினார். ஓடு மாதிரி சத்தம் கேட்டது. பெர்க் அடுப்பைத் திறந்தான். சட்டி சொந்தச் சூட்டிலேயே வெந்து முடிந்து, இன்னும் கதகதப்பாக, சீஸ் இழுபட இழுபட வெளியே வந்தது.

"லென்னி, உன்னோடத சூடு பண்ணிடலாம்," என்றார் கேப்டன்.

"சூடு பண்ணின மெல்லிசு மெல்லிசே இல்ல கேப்டன்."

பிடிவாதம். அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவர் அப்படித்தான்.

நாங்கள் சாப்பிட்டோம். என்ன செய்வது, குளிர், பசி. முதல் வாய் வைத்ததுமே எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, ஏனென்றால் பிரமாதமாக இருந்தது. கேப்டன் இரண்டாவது துண்டு கேட்டார். கீஃப் மூன்றாவதற்குப் போனான். பெர்க் எங்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் வெளுத்துக் கட்டினான். லென்னி ஒரு வாய் தொடவில்லை. "எனக்குப் பசியில்ல" என்றார். ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து அடுப்பின் பக்கத்தில் வைத்தார். அந்த மனுஷனுக்கு நான் துரோகம் பண்ணிக்கொண்டிருந்தேன், அதுவும் இரண்டு துண்டு.

"சரி, ஓட்டு," என்று கேப்டன் வாயைத் துடைத்தார்.

மறுபடியும் மணி அடித்தது.

இந்தத் தடவை அடுக்குமாடிக் கட்டடம். பதினோராம் மாடியில் புகை. போய் நின்றால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. உதவிக்கு வர வேண்டிய இன்னொரு வண்டி பனியில் ஊர்ந்துகொண்டிருந்தது. கீஃப் வண்டியோடு கீழே நிற்க வேண்டியவன், நின்றான். நாங்கள் நாலு பேரும் முதுகில் காற்று உருளை, தோளில் குழாய்ச் சுருளோடு படியில் ஏறினோம்.

இரண்டாம் மாடி வரைக்கும் நான் மனுஷியாக இருந்தேன். நாலாம் மாடியில் அந்த சீஸ் வயிற்றுக்குள் புரண்டு படுத்தது. ஆறில் எனக்குக் கண் இருட்டியது. ஏழாம் மாடியில் கேப்டன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் இதோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே விட்டார். எட்டில் பெர்க் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் முகம் அவன் சாஸ் நிறத்தில் இருந்தது.

"பெர்க், நகருப்பா," என்றேன்.

"முடியல டெர்ரி. உள்ள கல்லு மாதிரி இருக்கு."

லென்னி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து வெறும் வயிறு, அதன்மேல் கோபம் வேறு. அவருடைய பூட்ஸ் சத்தம் மேலே மேலே போய்த் தேய்ந்தது. மேலே என்ன எரிகிறது என்று தெரியாது, ஒற்றை ஆளாகப் போகிறார். எனக்குப் பயம் வந்துவிட்டது. தவழ்ந்து தவழ்ந்து ஏறினேன்.

பதினோராம் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. காகிதம் கருகின நாற்றம். உள்ளே எட்டிப் பார்த்தால், சாப்பாட்டு மேசையில் லென்னி. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையில் முள்கரண்டி பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். தட்டில் சட்டி பீட்சா.

நடந்ததை அந்த வீட்டம்மா மிஸஸ் பெட்ரகிஸ் பிறகு சொன்னார். நேற்று வாங்கின பீட்சாவைச் சூடு பண்ண அட்டைப்பெட்டியோடு அடுப்பில் வைத்திருக்கிறார். பெட்டி எரிந்து புகைந்திருக்கிறது. லென்னி வந்து அடுப்பை அணைத்து, பெட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டார். வேலை முடிந்தது. கிளம்பினவரை அந்தம்மா விடவில்லை.

"ஒக்காருப்பா. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

"பொய் சொல்லாத. ஒன் வயிறு கத்தறது எனக்கே கேக்குது."

பெட்டிதான் சாம்பலாயிற்றே தவிர, பீட்சாவின் உள்பக்கம் பத்திரமாக இருந்திருக்கிறது. கருகின ஓரத்தைச் சுரண்டிவிட்டு வைத்திருக்கிறார்.

லென்னி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார். அதற்குள் பெர்க் வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கேப்டன், ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாக விட்டபடி. மூன்று பேரும் முள்கரண்டியையே பார்த்தோம்.

பெர்க் ஏதாவது சொல்லுவான், சொன்னால் குழாயை எடுத்து அடிப்பது என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். அவனுக்குப் பேச மூச்சு இல்லை.

கேப்டன் நாற்காலியில் விழுந்தார். ரேடியோவை எடுத்தார். "கீஃப், தீ ஒண்ணும் இல்ல. ஓட்டு யாருக்குய்யா?"

"பெர்க்குக்குத்தான் கேப்டன், இதுல என்ன சந்தேகம்?" கீஃபின் குரல் வண்டிக்குள்ளிருந்து சுகமாக வந்தது. "சட்டியில மிச்சம் இருக்குல்ல?"

"டெர்ரி?"

"லென்னிண்ணே," என்றேன். என் வயிற்றைக் கேட்டுத்தான் சொன்னேன்.

ஒன்றுக்கு ஒன்று. கேப்டன் லென்னியைப் பார்த்தார். "நீ சொல்லு. அது எப்படி இருக்கு?"

'ரப்பர் மாதிரி இருக்கு' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லுங்கண்ணே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். லென்னி தட்டைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கினார்.

"நல்லாருக்கு கேப்டன். சாப்பாட்டு விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நல்லாருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அடுப்பு போய்விட்டது என்று தெரிந்தேதான் சொன்னார். மிஸஸ் பெட்ரகிஸ் இது எதற்கு என்று புரியாமல் இன்னொரு துண்டு வைத்தார்.

"நான் லென்னிக்குப் போடறேன்," என்றார் கேப்டன். "பெர்க், ஒன்னோடது ருசியில்லன்னு இல்லப்பா. இன்னிக்கு எரிஞ்சது அட்டைப்பெட்டி. நெஜமா தீ இருந்து, அந்தம்மா உள்ள மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒன் சட்டியத் தின்னுட்டு நான் ஏழாவது மாடியில ஒக்காந்திருந்தேன்."

பெர்க் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் எட்டாவதுல நின்னுட்டேன்," என்றான். "லென்னிண்ணன் தனியா போனாரு. நான் நின்னுட்டேன்." அந்தச் சிரிப்புக்காரனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவனை முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

லென்னி எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். "ஒக்காரு. தண்ணி குடி. கம்பியப் புடிச்சிட்டு நின்னியே தவிர, இறங்கிப் போகலியே." கொஞ்சம் யோசித்தார். "ஒன் சட்டி வேலை நேரத்துக்கு ஆகாது. ஷிப்ட் முடியுற காலையில வை. சாப்பிட்டமா, வீட்டுக்குப் போய்ப் படுத்தமான்னு இருக்கும்."

"காலங்காத்தால சட்டி பீட்சாவாண்ணே?"

"வைக்கிறியா, மாட்டியா?"

வைத்தான். அடுத்த முறை பொழுது விடியும்போது நிலையம் முழுக்க வெண்ணெய் வாசனை. எங்களை விடுவிக்க அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து, எங்களுக்குக் கிடைக்குமா என்று சமையலறை வாசலில் நின்றார்கள். கிடைக்காது, நீங்க இனிமே மாடி ஏறணும், போங்க என்று கேப்டன் விரட்டினார். பெர்க் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி முதல் வெட்டுப் போட்டதும், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்ற லென்னிதான் முதலில் தட்டை நீட்டினார். நின்றபடியே தின்று முடித்தார்.

"உப்பு கம்மி," என்று சொல்லிவிட்டுத் தட்டை மறுபடியும் நீட்டினார்.