மிக்கோவின் வாய்

எங்கள் ஊரில் தலைவரை மிக்கோ என்போம். சபையில் மிக்கோ வாய் திறக்கமாட்டார். காதோரம் முணுமுணுப்பார், எழுந்து நின்று அதை முழங்க ஒருவன் வேண்டும். கருந்தண்ணீர் ஊரில் அந்த ஒருவன் நான்தான், கோசா எமத்லா. சொந்தச் சரக்கு கிடையாது, குரல் மட்டும் இடி. "சபையில பேசறது அவரு. வீட்டுல பேசறது யாரு?" என்பாள் என் மனைவி. பதில் சொல்ல இடைவெளி விட்டால்தானே.

மிக்கோ எனக்குத் தாய்மாமன். எங்களில் அப்பா விளையாட்டுக்கூட்டாளி மாதிரி. கண்டித்து வளர்ப்பவர் அம்மாவின் அண்ணன்தான். சோளக்கஞ்சிப் பானையில் நான் தவளையை விட்ட நாளில் என் கெண்டைக்காலை மீன்பல்லால் கீறியவர் அவர். அவருக்கு எதிரே நான் உட்காரக்கூட யோசிப்பேன்.

குதிரைத் திருட்டு, வேலித் தகராறு எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்று ஜார்ஜியாவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஒகோனி ஆற்றுக்கு அக்கரையில் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சிறகு விசிறியை ஏந்திப் போனோம். அது கையில் இருக்கும்போது எங்களில் எவனும் ஆயுதத்தைத் தொடமாட்டான். போய் உட்கார்ந்த பிறகுதான் மரங்களுக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய ஊர்ப்படை எழுந்தது. சுற்றிலும் துப்பாக்கி.

கர்னல் கிரிம்ஸ் ஒரு காகிதத்தை என் முன்னால் தள்ளினார். ஆற்றுக்கு மேற்கே எங்கள் வேட்டைக்காடு முழுவதையும் அவர்களுக்கு எழுதிக்கொடுப்பதாக அதில் இருந்ததாம். ஏன் என் முன்னால்? சிவப்புக் கோட்டும் கழுத்தில் வெள்ளிப் பிறையுமாக நான்தான் ஜொலித்தேன். மாமா பூச்சி அரித்த போர்வையில் எனக்குப் பின்னால் இருந்தார். எவன் உரக்கக் கத்துகிறானோ அவன்தான் தலைவன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். மொழிபெயர்த்த டூகலும் கண்டுகொள்ளவில்லை. மேலாற்று ஊர்களில் ஒரு குளிர்காலம் கைதியாக இருந்தபோது பாஷையைப் பிடித்துக்கொண்டவன். அவனைச் சபைப் பக்கம் யார் விட்டார்கள்?

"தலைவரே, ஒரு கோடு கிழிச்சா போதும். ரம்மும் நீலத்துணியும் வண்டியில இருக்கு" என்றார் கர்னல்.

கிழித்துவிட்டுப் போனால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் வழக்கத்தில் என் கோட்டுக்கு என்ன மதிப்பு? காக்கா நடந்த தடம். அப்போது பின்னாலிருந்து முணுமுணுப்பு வந்தது: "தொடாதே. நமக்குத்தான் அது காக்கா கால். அவங்களுக்கு அது வேலி."

"தொடமாட்டேன்!" என்று முழங்கினேன்.

கர்னல் சிரித்தார். "சரி, தலைவர் நம்மகூடவே இருக்கட்டும். மத்தவங்க ஊருக்குப் போய்ச் சொல்லுங்க. காடு வந்தா ஆள் வருவான்."

பின்னால் போர்வை சரசரத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மாமா எழுகிறார். 'உனக்கு வேண்டியவன் நான்தான், அவனை விடு' என்று சொந்த வாயாலேயே சொல்லப்போகிறார். சொன்னால் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். மிக்கோ பிடிபட்டார் என்று கேட்ட மறுநொடி எங்கள் இளவட்டங்கள் போர்த்தடியைத் தூக்குவார்கள். ஊர்ப்படை காத்திருப்பதே அதற்குத்தான். எங்கள் சோளக்கொல்லைகளை மனதுக்குள் அவர்கள் ஏற்கனவே பங்கு போட்டாகிவிட்டது.

திரும்பினேன்.

"டேய் கிழவா! உன்னை யாருடா எழுந்திரிக்கச் சொன்னது?"

எங்கள் ஆட்கள் கல்லாய்ச் சமைந்தார்கள். ஒருவன் கை கத்திப்பிடிக்குப் போயிற்று. நான் நிறுத்தவில்லை. கர்னலிடம் சொல்லவேண்டியதையெல்லாம் மாமா தலையில் கொட்டினேன்.

"வெக்கமா இல்ல? அடுத்தவன் சொத்துல வயித்தை வளக்கிற! வான்னு கூப்பிட்டுட்டு கழுத்தைப் பிடிக்கிற! வெள்ளைச் சிறகுக்கு முன்னாடியே பொய் சொல்ற! நீயெல்லாம் ஒரு மனுஷனா? இன்னும் ஒரு வார்த்தை வந்துச்சு, நாக்கை அறுத்துடுவேன். என் போர்வையை எடு. என் பொண்டாட்டிகிட்ட குடு. போ!"

"வேலைக்காரன் ஏதோ திருடிட்டான் போலிருக்கு" என்று டூகல் கர்னலிடம் சொன்னான். ஊர்ப்படை கொல்லென்று சிரித்தது.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் போர்வையை எடுத்து மடித்தார். என்னைக் கடக்கும்போது உதடு மட்டும் அசைந்தது: "குரல் நடுங்குது. வயித்துலேருந்து பேசு."

அவர் துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்தார். மீசை முளைக்காத ஒரு பயல் வேடிக்கைக்காகத் துப்பாக்கிக் கட்டையால் அவர் தோளில் இடித்தான். மாமா தடுமாறி விழுந்து, எழுந்தார். எங்கள் மிக்கோ! நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வேகமாப் போடா!" என்று கத்தினேன். அதைச் சொன்ன வாயை அன்றிலிருந்து எனக்கே பிடிப்பதில்லை. ஆற்றில் இறங்கினார். அக்கரையில் ஏறினார். மரங்களுக்குள் மறைந்தார். எங்கள் ஆட்களும் ஒவ்வொருவராக அவர் பின்னாலேயே போனார்கள்.

கர்னல் என் முதுகில் தட்டினார். "கோபக்காரத் தலைவர்தான்! இப்பக் கிழிக்கிறீங்களா?"

பழக்கதோஷம், பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. நடுக்கம் அப்போதுதான் நின்றது.

"உன் கர்னல்கிட்ட சொல்லு" என்றேன் டூகலிடம். "அந்தக் காடு எங்க பிள்ளைங்களோடது. நான் கிழிச்சா அவங்க வயித்தைத்தான் கிழிக்கணும். பேசக் கூப்பிட்டவனைப் பிடிச்சு வெச்ச இந்தப் பேடிகிட்ட நாளைக்கு எவன் பேச வருவான்? என்னை வெச்சிக்கிட்டா வெச்சிக்கட்டும். நான் நிறையத் திம்பேன். விடிய விடியத் திட்டுவேன். இந்தக் காகிதம் செல்லரிக்கிற வரைக்கும் திட்டுவேன்."

டூகல் கர்னலின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான்.

"அப்படியே சொல்லுடா" என்றேன். "ஒரு சொல்லைக்கூட முழுங்காதே."