அறுபது நாளைக்குச் சாப்பாடு

என் தங்கச்சிக்கு கோதுமை ஆகாது. ஏதோ பேச்சுக்கு ஆகாதுன்னு சொல்லல. ஒரு துணுக்கு பிஸ்கட் உள்ள போனா மூணு நாளைக்குப் படுக்கைதான். அப்பேர்ப்பட்டவளுக்கு வேலை எங்க கிடைச்சிச்சு தெரியுமா? ஆள் நடமாட்டமே இல்லாத மலை உச்சியில, பனியோட கனத்தை அளக்குற குழுவுல. ஹெலிகாப்டர் கொண்டு போய் இறக்கிட்டு வந்துடுமாம், அறுபது நாள் கழிச்சுதான் திரும்பப் போகுமாம். அங்க எல்லாருக்கும் பாக்கெட் சாப்பாடு. அத்தனையிலயும் கோதுமை.

குழுத் தலைவர் போன்ல கறாராச் சொல்லிட்டார். “உங்க சாப்பாட்டை நீங்களே கொண்டு வரணும்மா. ஒரு நாளைக்கு ஒரு பை, அறுபது பை. மொத்தம் இருபத்தினாலு கிலோவைத் தாண்டக்கூடாது. ஏறுற இடத்துல எண்ணிப் பார்ப்போம். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க இடத்துல வேற ஆள் போவாங்க.”

“விட்டுத் தொலையேன்டி, ஊர்ல வேற வேலையா இல்ல?”ன்னேன்.

“அஞ்சு வருஷம் படிச்சது இதுக்குத்தான்க்கா.”

அவளை எங்க வீட்ல வாலுன்னுதான் கூப்பிடுவோம். எங்கம்மா செத்துப் போனப்போ அவளுக்கு ஒன்பது வயசு, எனக்குப் பத்தொன்பது. அன்னையிலிருந்து அவ பிடிச்ச பிடியை நான் ஜெயிச்சதே கிடையாது. மறுநாளே போய், காய்கறியைக் காய வைக்குற மெஷின் ஒண்ணு தூக்கிட்டு வந்தேன். ஆறு தட்டு, பின்னால ஒரு ஃபேன், சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

வேலை என்னவோ லேசுதான், பொறுமைதான் வேணும். கேரட்டையும் பீன்ஸையும் மெல்லிசா அரிஞ்சு, கொதிக்குற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்துத் தட்டுல பரப்பணும். சோறும் பருப்பும் வேக வெச்சுப் பரப்பணும். ஐம்பத்தஞ்சு டிகிரியில பத்து மணி நேரம். கேரட்டு ஒடிச்சா டக்குனு ஒடியணும், சோறு மணல் மாதிரி உதிரணும். அப்புறம் கண்ணாடி பாட்டில்ல போட்டு ஒரு வாரம் வெச்சுத் தினமும் குலுக்கிப் பார்க்கணும். பாட்டில் உள்பக்கம் ஈரம் பூக்கலன்னா பையில போட்டு ஒட்டிடலாம். ஒரு தடவை மெஷினை நிரப்பினா மூணு நாள் சாப்பாடு. நடுவுல வாழைப்பழமும் ஆப்பிளும் போடுவேன், கொறிக்க. எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர். டியூட்டிக்குக் கிளம்புறப்போ சட்டைப் பையில ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கிட்டு, “ருசி பார்த்தேன்”னு சொல்லுவார். தினமும் ருசி பார்த்தார் மனுஷன்.

முதல் முப்பது பை அழகா முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு.

நான் லாண்டரியில இஸ்திரி போடுறவ. பதினேழு வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, ஈரமா இருந்தா சூட்டைக் கூட்டு. கூட்டினா ஆவி போகும், துணி காயும், அடுத்ததை எடு. அந்த வாரம் கடையில வேலை மலையா குவிஞ்சு கிடந்துச்சு. வீட்டுக்கு வந்தா இந்த மெஷின் ஆடி அசைஞ்சு ஓடிக்கிட்டிருக்கு. எரிச்சல்ல எழுபத்தஞ்சுக்கு வெச்சேன். அஞ்சே மணி நேரத்துல கேரட்டு கல்லா ஆயிடுச்சு. என்னை நானே மெச்சிக்கிட்டு, மிச்ச முப்பது நாளையும் அப்படியே முடிச்சுப் பாட்டில்ல அடைச்சேன். வேலைக் களைப்புல குலுக்கிப் பார்க்கவும் இல்ல.

கிளம்ப நாலு நாள் இருக்குறப்போ பாட்டிலை எடுக்குறேன், உள்பக்கமெல்லாம் முத்து முத்தா தண்ணி. கேரட்டு மேல வெள்ளையா பூஞ்சை. சூடு அதிகமாகி மேல்தோல் சட்டுனு இறுகிடுச்சு, உள்ள இருந்த ஈரத்துக்கு வெளிய வர வழியில்ல. துணிக்கு ஏது உள்பக்கம்? கேரட்டுக்கு இருக்கே. ஒவ்வொரு பாட்டிலா திறந்து பார்த்தேன். எல்லாம் அதே கதி.

வாலு வந்து பார்த்தா. ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா. அப்புறம் மெதுவா கேட்டா, “வேணும்னே பண்ணியாக்கா?”

சுருக்குனு தெச்சுது. அறைஞ்சிருப்பேன், கை எழும்பல. ஏன்னா வேணும்னு பண்ணலதான். ஆனா அந்தப் பூஞ்சையைப் பார்த்த நிமிஷம், அப்பாடா, இனிமே இவ போக மாட்டான்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு. வெட்கங்கெட்ட சந்தோஷம். அது என் மூஞ்சியில தெரிஞ்சிருக்கணும்.

“வேணும்னு பண்ணலடி. ஆனா நீ போகலன்னா எனக்கு நிம்மதியாத்தான் இருக்கும்”னு உள்ளதைச் சொன்னேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு என் மேலயே வந்துச்சே ஒரு கோபம். முப்பது நாள் சாப்பாட்டையும் குப்பையில கொட்டினேன். லாண்டரிக்கு போன் போட்டு நாலு நாள் வர மாட்டேன்னேன். முதலாளி ஏதோ ஆரம்பிச்சார், வெச்சுட்டேன்.

“பத்து ரவுண்டு, ஒவ்வொண்ணும் பத்து மணி நேரம். நாலு நாள்ல தொண்ணூத்தாறு மணி நேரம்தான் இருக்கு. கணக்கு இடிக்குதே”ன்னார் எங்க வீட்டுக்காரர்.

“இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும். நீங்க கத்தியை எடுங்க.”

மூணு பேரும் மாத்தி மாத்தித் தூங்கினோம். அவர் அரிவார், நான் வேக வைப்பேன், வாலு பரப்புவா. காகிதம் மாதிரி மெல்லிசா அரியச் சொன்னேன், ஒரு ரவுண்டுக்கு அரை மணி நேரமாவது மிச்சமாகும்னு. பொத்தான் ஐம்பத்தஞ்சைத் தாண்டல. கை போய்ப் போய் வரும், என் கையை நானே தட்டிவிட்டுக்குவேன். இந்தத் தடவை ஒரு வாரம் பாட்டில்ல வெச்சுப் பார்க்க நேரமில்லங்கிறதால, துண்டு துண்டா ஒடிச்சுப் பார்த்துதான் பையில போட்டேன். புதுப் பை ஒவ்வொண்ணுலயும் ‘இதை முதல்ல சாப்பிடு’ன்னு எழுதி ஒட்டினேன்.

கிளம்புற அன்னைக்குக் காலையில ஒன்பது ரவுண்டு முடிஞ்சிருந்துச்சு. ஐம்பத்தேழு பை. பதினோரு மணிக்கு வண்டி. பத்தாவது ரவுண்டை வெளிய எடுத்தேன். கேரட்டு ஒடியல, வளைஞ்சுது.

“போட்டுடுக்கா. முதல் மூணு நாள்லயே சாப்பிட்டுடுறேன். எண்ணிக்கை வந்தாப் போதும்”னா வாலு.

“ஈரத்தைக் கட்டிக் குடுத்து அனுப்பச் சொல்றியா? அங்க உனக்கு வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஹெலிகாப்டர் யாரைக் கேட்டு வரும்?”

“அப்போ நான் போகல. அவ்வளவுதானே?”

“வாயை மூடிட்டு அந்தத் தராசை எடு.”

ஒரு பை நானூறு கிராம். இருபது கிராம் எடுத்தா முந்நூத்தி எண்பது. ஐம்பத்தேழு பையிலயும் எடுத்தா இன்னும் மூணு பை. ஒட்டினதையெல்லாம் கத்தரிச்சுப் பிரிச்சேன். கரண்டியை விட்டு அளந்து எடுத்தேன். அவர் திரும்ப ஒட்டிக்கிட்டே வந்தார்.

பத்தாவது பையோ பதினோராவது பையோ, கை நின்னு போச்சு. சின்ன வயசுலயிருந்து, போதும் போதும்னு அவ தட்டை மறைக்க மறைக்க, விரல் இடுக்குல ஒரு கரண்டி கூடுதலா போட்ட கை இது. இன்னைக்கு அவ சாப்பாட்டுல இருந்து ஒவ்வொரு கரண்டியா எடுக்குது. அதுவும் அவ எதிர்க்கவே.

“நான் எடுக்கவாக்கா?”ன்னா.

“வேண்டாம்”னுட்டு நானே எடுத்தேன். ஐம்பத்தேழு தடவை.

வண்டி வந்து ஹார்ன் அடிச்சப்போ மேஜை மேல அறுபது பை இருந்துச்சு. வாலு ஒருக்கா எண்ணினா. நான் எண்ணல. என்னால அதைப் பார்க்க முடியல.