ஓடிய தகப்பன்

விஜயராணிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தபடியே பத்துப் பேருக்குப் புத்தி சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவளுடைய லைன் வீட்டில் கூடும் ஜெபக்கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். பாட்டு முடிந்ததும் தியானம் சொல்வது அவள்தான். சாத்தான்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்த பெண்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

அந்த வாய்தான் மகனைத் துரத்தியது. மூன்று வருடம் இருக்கும். மாரிச்செல்வம் சர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து குடிக்க ஆரம்பித்திருந்த நேரம். ஜெபத்துக்காவது உட்காரு என்று கெஞ்சி உட்கார வைத்திருந்தாள். அன்றைக்கு எடுத்த பகுதி லூக்கா பதினைந்து, தகப்பன் சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டு, பட்டினியில் அவரிடமே திரும்பி வரும் கெட்ட குமாரன் கதை. பன்றித் தவிட்டுக்கு அவன் ஆசைப்பட்ட இடம் வந்ததும் விஜயராணியின் கை தானாக நீண்டது. "வேற எங்கயும் தேட வேண்டாம். அந்தக் கெட்ட குமாரன் இந்தா, மூலையில உக்காந்திருக்கான்" என்றாள். சிலர் சிரித்துவிட்டார்கள். மாரிச்செல்வம் எழுந்து, பாயில் இருந்த யாரையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வெளியே போனான். போனவன் போனவன்தான்.

போன கிறிஸ்மஸ் சமயத்தில் அடுத்த வீட்டு ரோஸ்மேரி, உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய்க் களத்தில் அவனைப் பார்த்ததாகச் சொன்னாள். இளைத்துப் போயிருக்கிறானாம். விஜயராணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் போகவில்லை. "அவன்தான் புத்தி தெளிஞ்சு எந்திரிச்சு வரணும். வேதம் அப்படித்தான் சொல்லுது" என்றுவிட்டாள். பாரத்தை வேதத்தின் மேல் போட்டாளே தவிர, பாழும் மனசு கேட்க வேண்டுமே! மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டை எடுத்து மூடி வைப்பாள். மறுநாள் காலையில் அதைத் தானே தின்று அழுவாள்.

இப்படியிருக்க, வீட்டுச் சொந்தக்காரர் கந்தவேல் ஒருநாள் வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்.

"ஏனுங்கம்மா, வர்ற மாசம் ஊட்டைக் காலி பண்ணித் தரோணுங்க. கட்டிங் டேபிள் போடலாம்னு இருக்கறனுங்க."

"இன்னும் ஒரு வருசம் பொறுங்க அண்ணாச்சி. எம் மவன் வந்தா இந்த வீட்டத்தான தேடுவான்."

"பையன் எங்கீங்க இருக்காப்ல?"

"உடுமலையில."

கந்தவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உடுமலைங்களா? பக்கந்தானுங்களே. நீங்களே ஒரெட்டு போயிட்டு வந்தர்லாமுங்களே?"

விஜயராணிக்குச் சுருக்கென்றது. வேதம் தெரியாத ஆளிடம் என்ன பேச்சு என்று உள்ளே போய்விட்டாள். கதையில் வரும் தகப்பனுக்கென்ன, சொந்த வீடும் நிலமும் வைத்திருந்தவர். மகன் எப்போது வந்தாலும் வீடு அங்கேயே நிற்கும். வாடகைக்காரி அப்படிக் காத்திருக்க முடியுமா? அவன் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே யாரோ பனியன் துணி வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வீட்டில் கடைசி ஜெபக்கூட்டம். வேண்டுமென்றே அதே பகுதியை எடுத்தாள். வாய்விட்டு அழுது தீர்த்துவிடலாம் என்றுதான் எண்ணம். மனப்பாடமான கதைதான் என்றாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டான், மனதுருகினான், ஓடினான் என்று வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னக்கா?" என்றாள் ரோஸ்மேரி.

"ஓடியிருக்காருட்டி. மவன் வாசலுக்கு வரட்டும்னு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கல. ரோட்டுக்கு ஓடியிருக்காரு. புத்தியும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. இத்தன வருசமா இதத்தான வாசிக்கேன், என் கண்ணுல படலியே!"

அவ்வளவுதான் அன்றைய தியானம். வேதத்தை ரோஸ்மேரி மடியில் வைத்துவிட்டு, மணிப்பர்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். அவள் சொன்னதிலேயே நல்ல தியானம் இதுதான் என்று அந்தப் பெண்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. முட்டிவலிக்காரி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அவனிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தாள். 'ஐயா, உன்ன நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்திட்டேன். உனக்கு அம்மான்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.' கதையில் இப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவன் மகன் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. தனக்குத்தானே சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

ரோஸ்மேரி சொன்ன களத்தை விசாரித்துப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. களம் நிறையக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோடியில் யாரோ ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தான். ஒரு கொப்பரையையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

முகம் தெரிய வேண்டியிருக்கவில்லை. "ஐயா!" என்று கத்திக்கொண்டு விஜயராணி ஓடினாள். ஒரு செருப்பு கழன்று எங்கோ போனது. வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சும் போனது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எம்மா, ஓடாத! முட்டிய வச்சிக்கிட்டு, விழுந்துறப் போற!" என்று கத்தியபடி, கொப்பரையெல்லாம் காலடியில் மிதிபட அவனும் ஓடி வந்தான்.